காலையில் நிற்கிறது, மத்தியானம் ஓடுகிறது

நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது பழுதுக்குக் காரணத்தை யாரும் கையால் எழுதுவதில்லையாம். கைப்பேசியில் ஒரு பட்டியல் வருகிறது. அதில் ஒன்றைத் தொட்டால் வேலை முடிந்தது. போன வாரம் அங்கே வேலை செய்யும் பிரபு கூப்பிட்டான். புதிதாகப் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய கம்ப்யூட்டர் ஒன்று, ஆன் செய்தால் லோகோ வரும் இடத்திலேயே உறைந்து நிற்கிறது, எல்லாம் மாற்றிப் பார்த்தாகிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். போனை வைக்கும்போது, "ஒன்னும் புடிபடலன்னா 'பயனர் தவறு'ன்னு போட்டு மூடிட வேண்டியதுதான் சார். லிஸ்ட்டுல மொதல்ல அதான் கீது" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனைத் திட்டவும் வாய் வரவில்லை. பட்டியல் வராத காலத்திலேயே அதை என் கையால், நல்ல எழுத்தில், கீழே கையெழுத்தும் போட்டு எழுதிக் கொடுத்தவன் நான். அவனிடம் போனில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் கற்ற கதை சின்னது. ஊர் கச்சிராயபாளையம். அப்பா கரும்பு வெட்டும் கூலி. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன், கள்ளக்குறிச்சியில் ஒரு டிவி மெக்கானிக்கிடம் ஆறு வருஷம் சால்டரிங் புகையை முகர்ந்தேன், கம்ப்யூட்டர் வந்ததும் அதற்குத் தாவினேன். பள்ளிக்கூடம், சங்கம், ஆஸ்பத்திரி என்று சுற்றுவட்டாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்துப் பராமரிக்கும் கம்பெனி அது. அங்கே இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றேன். மூங்கில்துறைப்பட்டிலிருந்து மலை உச்சி வரைக்கும் நான் திறக்காத பெட்டி குறைவு. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. "ஏழுமலை சார் வந்தா மெஷினு பயந்துகினே ஓடும்" என்று கடையில் கேலி செய்வார்கள். நான் முறைப்பேன், உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

அந்தத் திமிர் எங்கே ஆரம்பித்தது என்றுகூடச் சொல்ல முடியும். ஒரு கரும்பு எடைமேடையில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. வெளியே டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அங்கிருந்த எழுத்தர் முந்தின நாள் இடி இடித்ததிலிருந்து ஆரம்பித்து ராமாயணம் பாடினார். "கொஞ்சம் வாயை மூடுங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. ஐந்தே நிமிஷம். டிராக்டர்க்காரர்கள் கைதட்டினார்கள். உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் சொல்வதைக் கேட்பது நேரத்துக்குக் கேடு என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். அப்படி முடிவு கட்டினது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

பூட்டுவதில் மட்டும் நான் அவசரப்பட்டதே இல்லை. இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உட்காருவேன். மதர்போர்டை அட்டைமேல் வைத்து, பிராசஸரை அழுத்தாமல் அமர்த்தி, அதன்மேல் பேஸ்ட் ஒரு பச்சைப்பயறு அளவுக்கு. பிறகு விசிறி, ஒரே ஒரு ரேம். இதை மட்டும் வெளியே வைத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் பெட்டிக்குள் ஏற்றுவேன். ஒவ்வொன்றாகச் சேர்ப்பேன், ஒவ்வொன்றைச் சேர்த்ததும் ஒருமுறை ஆன் செய்து பார்ப்பேன். எல்லாம் சேர்ந்தபின் இரண்டு நாள் அணைக்காமல் ஓடவிடுவேன். அதிலும் தேறினால் துடைத்து, முன்பக்கத்தில் பவர் பட்டனுக்குக் கீழே சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டி, அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டுவோம். எங்கள் கடை வழக்கம் அது. பொட்டு வைப்பது சீனியருக்குக் கொடுக்கிற மரியாதை. பல வருஷமாக அதை வைத்தது என் கைதான்.

இனி அந்த மலைக் கம்ப்யூட்டர். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டிப் போனால் வரும் ஒரு ஊர், பெயர் வேண்டாம். அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் சேவை மையம் தொடங்கியது. சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மேஜைதான். அதற்கு முன்னால் சுற்றுக் கிராமத்து ஜனங்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி வரவேண்டியிருந்தது.

மேஜையில் உட்கார எடுக்கப்பட்டவள் அலமேலு. அந்த மலையிலேயே பிறந்த பெண், முப்பது வயதிருக்கும். கீழே விடுதியில் தங்கிப் படித்து, கம்ப்யூட்டர் வகுப்பும் முடித்தவள். புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்து வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். இரண்டு பெண்பிள்ளைகள். அந்த ஊரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் பெண் அவள்தான். ஆனால் முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் அவள் பேரில் ஒரு குறை எழுதப்பட்டால் அனுப்பிவிடுவார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் பின்னால் நடந்ததைச் செய்தேன்.

ஐப்பசி மாதம், அடைமழை விட்டிருந்த ஒரு நாள், பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். மத்தியானம் பூட்டி ஓட்டிக் காட்டினேன். அலமேலு பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு வாரத்தில் போன் வந்தது.

"சார், காலையில போட்டா அந்தப் படம் வந்து அப்படியே நின்னுடுது. எதைத் தட்டினாலும் அசைய மாட்டேங்குது. மத்தியானம் வந்து போட்டா ஓடுது சார்."

"காலையில தூங்கிகினு இருக்குதோ இன்னாவோ. ஒரு டீ வாங்கிக் குடும்மா அதுக்கு" என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஜனங்க விடியறதுக்குள்ள கெளம்பி நடந்து வராங்க சார். திரும்பிப் போங்கன்னு சொல்ல முடியல."

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். மலைப்பாதையில் ஏறி, அங்கே இறங்கி நடந்து, மையத்துக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. ஆன் செய்தேன், ஓடியது. பத்து தடவை அணைத்து அணைத்துப் போட்டேன். பத்து தடவையும் ஓடியது. ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். "அவசரப்பட்டு அமுத்தாதம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான்கு நாளில் மறுபடியும் போன். இந்தத் தடவையும் மத்தியானம் போனேன், ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியையே கீழே கொண்டுவந்துவிட்டேன். எங்கள் பட்டறை தகரக் கூரை. மதியத்தில் உள்ளே நிற்க முடியாது. முன்பக்கத்து வயர்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, பவர் சப்ளையை மாற்றி, பயாஸ் பேட்டரியை மாற்றி மூன்று நாள் ஓட்டினேன். ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. வயர்களைத் திரும்பச் செருகி, கொண்டுபோய் வைத்தேன். வைத்த மூன்றாம் நாள் காலை மறுபடியும் நின்றுவிட்டது.

மூன்றாவது தடவை பழுது பார்க்கப் போனபோது சங்கத்துச் செயலாளர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எத்தினி வாட்டி வருவீங்க? ஜனங்க என் சட்டையப் புடிக்கறாங்க. தப்பு மெஷினு மேலயா, ஆளு மேலயா? எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நான் மேல பதில் சொல்லணும்."

அலமேலு மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தாள். மேஜை இழுப்பறை பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு கைப்பேசி சார்ஜர் வயர் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. எனக்கு அது போதும். கிடைத்துவிட்டது காரணம்.

"முன்னாடி யூஎஸ்பி ஓட்டையில போனை சொருகி சார்ஜ் போடறியாம்மா?"

"இல்லீங்க சார். முன்னாடி நான் ஒன்னுமே சொருகினதில்ல. பென்டிரைவு கூடப் பின்னாடிதான் சொருகுவேன்."

"முன்னாடி இவ்ளோ வசதியா இருக்கச்சே எந்த மடையன் குனிஞ்சு பின்னாடி சொருகுவான்?"

கேட்டேனே தவிர, பதில் வேண்டிக் கேட்கவில்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செயலாளரைப் பார்த்தாள். பேசாமல் தலையைக் குனிந்துகொண்டாள். பொய் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன்.

எங்கள் அறிக்கைத் தாளில் மேலே ஒரு கட்டம் உண்டு: பயன்படுத்துபவர் கூறியது. அதைக் காலியாக விட்டேன். முந்தின இரண்டு தாளிலும் அப்படித்தான் விட்டிருந்தேன். கீழே எழுதினேன்: "பயன்படுத்துபவர் கைப்பேசியை இணைத்துத் தவறாகக் கையாண்டதால் ஏற்பட்ட பழுது. இயந்திரத்தில் குறை இல்லை." கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பதினைந்து நாளில் அவளை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மனசு கொஞ்சம் உறுத்தியது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு டீ குடித்ததும் அது போய்விட்டது.

அவள் இடத்துக்கு ஒரு ஆளைப் போட்டார்கள். ஒரே வாரம். போன் வந்தது: லோகோவில் நிற்கிறது.

இங்கே எங்கள் சர்வீஸ் பிரிவின் தலைவி கலைவாணி மேடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த வருஷம்தான் வந்திருந்தார். திருக்கோவிலூர்ப் பக்கம், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் 'சார்'தான், வாட்ச்மேனுக்கும்கூட. பழுதான கம்ப்யூட்டர் முன்னால் போனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொள்வார். முதல் பத்து நிமிஷம் எதையும் தொடமாட்டார், நம்மையும் தொட விடமாட்டார். "கோயிலுக்கு வந்த மாதிரி நிக்குதுபா அந்தம்மா" என்று நானே அவர் முதுகுக்குப் பின்னால் நையாண்டி செய்திருக்கிறேன். ஒரு பொம்பளை, அதுவும் நேற்று வந்தவர், எனக்கு மேலே உட்கார்ந்திருப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

அவர் என் மூன்று தாளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்தார். பென்சிலால் அந்தக் கட்டத்தைத் தொட்டார்.

"மூணுலயும் இது காலியா இருக்கே சார். அந்தப் பொண்ணு என்ன சொன்னாங்க?"

"காலையில நிக்குது, மத்தியானம் ஓடுதுன்னு ஏதோ சொல்லிச்சு மேடம்."

"ஏதோவா?"

நான் தாள்களை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன்.

"நீங்க மூணு தடவையும் எத்தனை மணிக்கு அங்க போய்ச் சேர்ந்தீங்க?"

அந்தக் கேள்வி முடிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. "மத்தியானம்தான் மேடம்" என்றேன்.

"சரி. அப்போ நாம காலையில போவோம்" என்றார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

கோமுகி அணையைத் தாண்டும்போதுதான் விடிந்தது. பாதி மலையிலிருந்து ஜீப்புக்கு முன்னால் பத்தடி தூரம் தெரியவில்லை, அப்படி ஒரு பனி. மையத்துக் கதவைத் திறந்தால் மேஜைமேல் கை வைக்க முடியாத அளவுக்கு ஈரம். ஜன்னல் கம்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானத்தில் அத்தனை தடவை வந்தும் நான் பார்க்காத மையம் இது.

புதிதாகப் போட்ட ஆள் ஆன் செய்தார். லோகோ வந்தது. நின்றது.

மேடம் கையைப் பின்னால் கோர்த்துக்கொண்டார். நானும் கோர்த்துக்கொண்டேன். விசிறி ஓடுகிறது. விசைப்பலகையில் நம்பர் லாக் விளக்கு எரிந்தபடியே இருக்கிறது, விசையை அமுக்கினால் அணையவில்லை. பத்து நிமிஷம் அப்படியே நின்று பார்த்தோம். அலமேலு சொன்னது அட்சரம் பிசகாமல் என் கண் முன்னால் நின்றது.

"இப்போ ஒன்னொன்னா எடுங்க சார். எடுக்கறதை வாய்விட்டுச் சொல்லிட்டு எடுங்க."

மவுஸ் எடுத்தேன் என்றேன். ஆன் செய்தால் நிற்கிறது. கீபோர்டு எடுத்தேன், நிற்கிறது. ஹார்ட் டிஸ்க் வயரை எடுத்தேன், நிற்கிறது. இரண்டாவது ரேமை எடுத்தேன், நிற்கிறது. பிறகு முன்பக்கத்து யூஎஸ்பி ஓட்டைகளிலிருந்து போர்டுக்கு வரும் சின்ன வயர். அதை எடுத்துவிட்டு ஆன் செய்தேன். லோகோ வந்தது, போனது. அடுத்த திரை வந்துவிட்டது. திரும்பச் செருகினேன், நின்றது. எடுத்தேன், ஓடியது. பட்டறையில் மூன்று நாள் ஏன் ஓடியது என்று புரிந்தது. அங்கே நான் முதலில் பிடுங்கிப் போட்டதே அந்த வயரைத்தான்.

"முன்பக்கத்தைக் கழட்டுங்க" என்றார் மேடம்.

பிளாஸ்டிக் மூடியைக் கழற்றித் திருப்பினேன். யூஎஸ்பி ஓட்டைக்குள் சிவப்பாக, சேறு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தன வாசனை. பவர் பட்டனுக்குக் கீழே, ஓட்டைக்கு நேர்மேலே நான் தாராளமாக வைத்த பொட்டு, பட்டறையில் காய்ந்து கிடந்து, இங்கே பனியில் இளகி, வழிந்து உள்ளே இறங்கியிருக்கிறது. ஈரமாக இருக்கும்வரை உள்ளே இருக்கும் தகடுகளை அது சேர்த்துப் பிடிக்கும், ஷார்ட் ஆகும். கம்ப்யூட்டர் நின்றுவிடும். வெயில் ஏறிக் காய்ந்ததும் ஓடும்.

ஒவ்வொன்றைச் சேர்த்ததும் ஒருமுறை ஆன் செய்து பார்க்கிறவன் நான். கடைசியாகச் சேர்த்தது பொட்டு. அதற்கப்புறம், பெட்டி கட்டும் முன், ஒருமுறைகூட ஆன் செய்து பார்த்ததில்லை. பொட்டு வைத்தால் கெடும் என்று யார் நினைப்பார்கள்?

"இது நான் வெச்சது மேடம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன். பையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்து மேஜையைத் துடைத்து வைத்தார். "எழுதுங்க சார். அந்தக் கட்டத்துல இருந்து ஆரம்பிங்க. அவங்க சொன்னதை அப்படியே போடுங்க, உங்க வார்த்தைக்கு மாத்தாதீங்க."

எழுதினேன். பயன்படுத்துபவர் கூறியது: காலையில நிக்குது, மத்தியானம் ஓடுது. முன்னாடி ஒன்னும் சொருகினதில்ல. காரணம்: பெட்டி கட்டும்போது வைத்த சந்தனம், குங்குமம் முன்பக்க இணைப்புக்குள் இறங்கியது. பயன்படுத்துபவர் மேல் தவறு இல்லை. முந்தைய அறிக்கை தவறானது. வைத்தவரும் முந்தைய அறிக்கையை எழுதியவரும் நானே. கீழே கையெழுத்துப் போட்டேன்.

மேடம் செயலாளரிடம் அரை மணி நேரம் பேசினார். "எல்லாம் சரிங்கம்மா. அதான் வேற ஆளு போட்டாச்சே. இப்போ இன்னா பண்ண சொல்றீங்க?" என்பதற்கு மேல் அவர் ஒரு படி இறங்கவில்லை. தாளை வாங்கி ஃபைலில் வைத்தார். பிறகு மேடம் இரண்டு கடிதம் போட்டார், ஒருமுறை நேரிலும் போனார். அந்த நாற்காலி அலமேலுவுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

அன்றைக்கே தாளின் நகலை எடுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போனேன். "நானும் வரட்டுமா சார்?" என்று கேட்டார் மேடம். வேண்டாம் என்றேன்.

ஊருக்கு வெளியே மரவள்ளிக் காட்டில் அலமேலு களை கொத்திக்கொண்டிருந்தாள். கூலிக்கு. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "வாங்க சார்" என்றாள். அந்த 'வாங்க'வைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாளைக் கொடுத்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடியே முதல் வரியிலிருந்து என் கையெழுத்து வரைக்கும் படித்தாள்.

"தப்பு என்னுதும்மா. நீ சொன்னதை நான் காதுலயே வாங்கல. மன்னிச்சுக்கோ."

"அது எப்டி சார் காலையில மட்டும்?" என்று கேட்டாள். பனி, ஈரம், தகடு, வெயில் என்று சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். "அதான், வெயில் அடிச்ச அன்னிக்குச் சீக்கிரமே ஓடிச்சு" என்று தலையாட்டினாள். நான் ஒருமுறை, ஒரே ஒருமுறை உட்கார்ந்து கேட்டிருந்தால் இவளே இந்தப் பழுதைக் கண்டுபிடித்துக் கொடுத்திருப்பாள் என்று தோன்றியது.

கிளம்பும்போது கேட்டேன். இந்தத் தடவை பதில் வேண்டித்தான் கேட்டேன்.

"ஏம்மா, முன்னாடி வசதியா இருந்தும் எதுக்குக் குனிஞ்சு பின்னாடியே சொருகின?"

"பொட்டு வெச்சிருக்குதே சார், அதும்மேல எப்டி இடிச்சினு சொருகறது?" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒரு நாளு பனியில குங்குமம் கரைஞ்சு ஒழுகிச்சு சார். தொடச்சிடலாம்னு துணி கூட எடுத்துட்டேன். அப்பறம், பெரியவரு கையால வெச்சதாச்சே, நாம அழிக்கலாமான்னு வுட்டுட்டேன்."

தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.